செவ்வாய்க்கிழமைக்கு விருந்துப் பொடி

கைமணம் என்ற சொல்லை என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இனி யாரும் எடுக்காதீர்கள். போன மாதம் நீங்கள் நாலைந்து பேர் வந்திருந்தீர்கள். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்த அதே கூட்டம். குழம்பைப் பிசைந்து முதல் வாய் வைத்ததும் உங்களில் ஒருத்தி சொன்னாள்: “அப்படியே உங்கம்மா கைமணம்டி.” நான் கரண்டியை வைத்துவிட்டு என் வலது கையை அவள் மூக்கருகே நீட்டினேன்.

“மோந்து பாரு. என்ன வாசம் வருது?”

பாத்திரம் தேய்க்கிற சோப்பு வாசம். எலுமிச்சை போட்டது. எல்லாரும் சிரித்தீர்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டதோ என்று ஒருத்தி பேச்சைச் சர்க்கரை மாத்திரைப் பக்கம் திருப்பினாள்.

கோபம்தான். ஆனால் உங்கள் மேல் இல்லை. அது பழைய கோபம். ஒரு கோடை விடுமுறையில் திரித்தது. இத்தனை காலமாக ஈரக் கரண்டி படாமல், மூடியை இறுக்கி, இருட்டில் வைத்திருக்கிறேன். இப்போது திறந்தாலும் தும்மல் வரும். நமக்கெல்லாம் ஐம்பது தாண்டிவிட்டது. படியிறங்கும்போது முழங்கால் பேசுகிறது. இனிமேல் யாருக்காக மூடி வைப்பது?

எங்கள் வீடு திருநகரில் இருந்தது உங்களுக்குத் தெரியும். பஸ் நிறுத்தத்திலிருந்து வேப்பமர வரிசையோடு உள்ளே நடந்தால் வரும், முன்பக்கம் செம்பருத்தியும் பின்பக்கம் முருங்கையும் நின்ற வீடு. அப்பா மிஷன் பள்ளி ஆபீஸில் கிளார்க். அம்மா இன்னொரு மிஷன் பள்ளியில் சயின்ஸ் டீச்சர். அப்பாவின் அக்கா, என் அத்தை, கல்யாணமான கொஞ்ச காலத்திலேயே கணவனை இழந்து தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். அடுக்களை அத்தையின் ராஜ்யம். வேலை நாட்களில் பள்ளிக்கூடம் போவதற்கு முன் அன்றாடச் சமையலைச் செய்து வைப்பது மருமகளான அம்மாவின் கடமை. ஞாயிற்றுக்கிழமை, பண்டிகை, விருந்தாளி வரும் நாள் என்றால் அத்தை முந்தானையை இழுத்துச் செருகுவாள்.

இந்த ஏற்பாட்டில் யாருக்கும் எந்தக் குறையும் தெரியவில்லை. அதுதான் விசேஷம்.

பங்குனி வெயிலில் வருடத்துக்கான குழம்புப்பொடிக்கு மொட்டை மாடியில் பழைய வேட்டிகள் விரியும். ஒன்றில் மல்லி. ஒன்றில் மிளகாய் வத்தல். வத்தலின் மேல் வெயில் ஏறினால் மாடியே சிவப்பாக மூச்சு விடும். காக்கா விரட்ட என்னை உட்கார வைப்பார்கள். காக்காவுக்கு வத்தலில் அக்கறை கிடையாது என்று அதற்கும் தெரியும், எனக்கும் தெரியும். பிறகு சீரகம், மிளகு, வெந்தயம், விரலி மஞ்சள், ஒரு கை துவரம்பருப்பு, நிழலில் உலர்த்திய கறிவேப்பிலை. தனித்தனியாக வறுத்து, தூக்குச் சட்டியில் நிரப்பி, மெயின் ரோட்டு மில்லுக்குத் தூக்கிக்கொண்டு போவோம். மில் வாசலில் நின்றாலே கண்ணில் நீர் வரும். எந்திரத்தின் துணிக் குழாய் வழியாகப் பொடி சுடச்சுட இறங்கும். அதற்குள் விரலை விட்டால் உயிருள்ள ஒன்றைத் தொட்ட மாதிரி இருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் பழைய பேப்பரில் பரப்பி ஆற விடுவார்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வேர்த்துக் கட்டி தட்டிப்போகும். ஆறிய பிறகு அது ரெண்டாகப் பிரியும்.

ஒரு பங்கு விருந்து டப்பாவுக்கு. அது வெளிநாட்டு பிஸ்கட் வந்த தகர டப்பா. மூடியில் ஏரியும் ரெண்டு அன்னப் பறவைகளும். அத்தை அதன் அடியில் கல்லுப்பு தூவி, பொடியை அழுத்தி அழுத்தி நிரப்பி, நடுவில் கட்டிப் பெருங்காயம் ஒன்றைப் புதைத்து, மேலே வெள்ளைத் துணி விரித்து மூடி, தன் கட்டிலுக்கு அடியில் இருட்டுக்குள் தள்ளிவிடுவாள். ஆள் வந்தால்தான் அது வெளியே வரும். ஈரமில்லாத மரக்கரண்டியால் அள்ளி, உடனே மூடி, உடனே உள்ளே.

மிச்சமெல்லாம் வீட்டு டப்பாவுக்கு. ஒரு பெரிய அலுமினிய டிரம். அடுப்புக்கு நேர் மேலே பலகையில் இருக்கும். சோறு வடிக்கிற ஆவி அதன் மேல்தான் ஏறும். நாளைக்கு எத்தனை தடவை திறப்பார்களோ, எந்த ஈரக் கரண்டி உள்ளே போகுமோ, கணக்கில்லை. இதில் இன்னொரு சட்டமும் இருந்தது. பழசு தீர்ந்தால்தான் புதுசில் கை வைக்கலாம். அதனால் பங்குனியில் திரித்த புதுப்பொடி டிரம்மில் ஏறாமல் தூக்குச் சட்டியிலேயே ஒரு மூலையில் காத்துக் கிடக்கும். பழைய பொடி தீர்ந்து அதன் முறை வரும்போது அதுவும் கிழடாகியிருக்கும். எங்கள் வீட்டில் அன்றாடம் நாங்கள் சாப்பிட்டதெல்லாம் போன வருடத்தைத்தான்.

அம்மா சமைத்தது வீட்டு டப்பாவில். அத்தை சமைத்தது விருந்து டப்பாவில். இது எங்கள் எல்லாருக்கும் கண்முன்னால் தெரிந்த விஷயம். ஆனாலும் வாய்க்கு வந்த தீர்ப்பு வேறு: “அக்காவுக்குக் கைமணம் உண்டு. இவளுக்கு இல்ல.”

அப்பா சொல்வார். சர்ச்சில் சொல்வார்கள். அம்மாவே சொல்வாள். “எனக்குக் கையில மணம் கிடையாது, அது ஆண்டவர் குடுக்கிறது” என்று, ஏதோ உயரம் கம்மி என்பதுபோல. சயின்ஸ் டீச்சர், இலைக்குள் பச்சையம் எப்படி வந்தது என்று கரும்பலகை நிறைய எழுதுகிறவள், இதை மட்டும் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொண்டாள். எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் இந்த இடத்தில்தான். ஒரு பொய்யை மற்றவர்கள் சொல்வது ஒன்று. நம்மையே சொல்ல வைப்பது இன்னொன்று.

எழுமலையில் பெரியப்பா இருந்தார், அப்பாவுக்கும் அத்தைக்கும் மூத்த அண்ணன். வீட்டில் எந்த முடிவுக்கும் அவர் வாய் திறக்க வேண்டும். நான் சொல்கிற கோடைக்கு முந்தின கிறிஸ்துமஸுக்கு மறுநாள், விருந்தெல்லாம் முடிந்து அம்மா வைத்த சாதாரணக் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, கை கழுவிய ஈரத்தோடு அவர் சொன்னார்:

“தம்பி, இந்தக் குழம்புல உயிரே இல்லடா. அடுப்பப் பாக்காம கெடியாரத்தப் பாத்துச் சமைச்சா எப்படி வரும்? வேலைய விடச் சொல்லு. தங்கச்சிக்கும் முழங்கால் வலிக்குது. ஜூன் மாசம் பள்ளிக்கூடம் தொறக்கிறதுக்குள்ள எழுதிக் குடுத்துரட்டும். நான் மே மாசம் வாரேன், பேசிக்குவோம்.”

அப்பா “பார்ப்போம்ணே” என்றார். எங்கள் வீட்டில் ‘பார்ப்போம்’ என்றால் சரி என்று அர்த்தம். ஒரு குழம்பின் ருசியை வைத்து ஒரு பெண்ணின் வேலையைப் பிடுங்குவது அம்புட்டுச் சுலபமாக இருந்தது. யாரும் குரலைக்கூட உயர்த்தவில்லை.

ஏப்ரல் கடைசியில் அம்மாவுக்கு நல்ல சளி. மூக்கு சுத்தமாக அடைத்துவிட்டது. பரீட்சை பேப்பர்களைத் திருத்திக்கொண்டே ஆவி பிடித்தாள். ஒரு வாரம் போல எந்த வாசனையும் இல்லை. லீவு விட்ட பிறகு ஒரு நாள் காலையில் காபித்தூள் மணம் தெரிகிறது என்று சந்தோஷமாகச் சொன்னாள். அப்புறம் குழம்பு வைக்க வீட்டு டப்பாவைத் திறந்தாள். குனிந்தாள். மறுபடியும் குனிந்தாள்.

“பாப்பா, இங்க வா. இதுல வாசம் வருதா?”

நான் மோந்து பார்த்தேன். அலுமினியத்தின் வாசம். மழை நாளில் அட்டைப்பெட்டி விடுகிற மூச்சு. வேறொன்றும் இல்லை.

“மூக்கு இன்னும் சரியாகலபோல” என்றாள் தனக்குத்தானே. அத்தை கடைக்குப் போயிருந்தாள். அம்மா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு அத்தையின் அறைக்குள் போனாள். கட்டிலுக்கு அடியிலிருந்து அன்னப் பறவைகள் வெளியே வந்தன. வெள்ளைத் துணியை விலக்கினாள். மல்லியும் பெருங்காயமும் கறிவேப்பிலையும் ஒன்றாக எழுந்து அறையை நிறைத்தன. அம்மாவின் கண்ணில் நீர் வந்துவிட்டது. தும்மலா அழுகையா என்று எனக்குப் புரியவில்லை.

“மூக்கு நல்லாத்தான் இருக்கு” என்றாள் அம்மா.

அன்று செவ்வாய்க்கிழமை. விருந்தாளி யாரும் இல்லை, பண்டிகை இல்லை, ஓய்வுநாள் இல்லை. அம்மா விருந்து டப்பாவிலிருந்து அள்ளிக் கத்தரிக்காய்க் குழம்பு வைத்தாள்.

மத்தியானம் அப்பா சாப்பிட உட்கார்ந்தார். ரெண்டாவது வாயில் கண்ணை மூடினார். அடுக்களைப் பக்கம் திரும்பிச் சந்தோஷமாகக் குரல் கொடுத்தார்: “அக்கா, இன்னைக்கு நீயா வச்ச?”

பரிமாறிக்கொண்டிருந்தது அம்மா. அவருக்கு ஒரு முழம் தள்ளி நின்றிருந்தாள், கையில் கரண்டியோடு. இன்னொரு கரண்டி ஊற்றினாள். அவள் முகத்தை நான் பார்த்தேன். கணக்கு முடிந்து விடைக்குக் கீழே ரெண்டு கோடு போடுவாளே, அந்த முகம்.

அத்தை சாயங்காலமே கண்டுபிடித்துவிட்டாள். துணியின் மடிப்பு மாறியிருந்தது.

“டப்பாவுல கை வச்சது யாரு?”

“நான்தான் மதினி.”

“யாரு வந்தா?”

“யாரும் வரல. நம்மதான் சாப்பிட்டோம்.”

“செவ்வாக்கிழமைக்கு விருந்துப் பொடியா!” அத்தை கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். “ஏத்தா, நாளைக்கு ஆயரு திடுதிப்புனு வந்து நின்னா என்னத்த வைப்ப?”

“ஆயருக்கு நல்லது, நமக்கு தூசியா? வாசம்ங்கிறது என்ன மதினி, காத்துல பறக்கிற எண்ணெய். மல்லி முழுசா இருக்கப்ப அது கதவச் சாத்திக்கிட்டு உள்ள உக்காந்திருக்கு. திரிச்சா எல்லாக் கதவும் தொறந்துருது. அப்புறம் நமக்காக வருசம் பூரா அது காத்திருக்குமா?”

“ஏன், பெல் அடிச்சா வீட்ட விட்டு ஓட ஒனக்குத் தெரியுதுல்ல, அதுக்கு மட்டும் தெரியாதாக்கும்?”

நான் சிரித்துவிட்டேன். அம்மாவுக்கும் உதடு துடித்தது. அத்தை பேச்சில் அப்படி ஒரு காரம் உண்டு. அது மட்டும் எந்த டப்பாவிலும் மங்காது.

அன்றிலிருந்து விருந்து டப்பா பீரோவுக்குள் போய்ப் பூட்டிக்கொண்டது. சாவி அத்தை இடுப்பில்.

அம்மா கெஞ்சவில்லை. அந்த வாரமே என்னைக் கூட்டிக்கொண்டு பெரியார் நிலையத்துக்கு டவுன் பஸ் ஏறி, அங்கிருந்து கீழமாசி வீதிக்கு நடந்தாள். அந்த வீதிக்குப் பலசரக்கின் வாசம்தான் விலாசம். கண்ணைக் கட்டி விட்டாலும் போய்ச் சேரலாம். எங்கள் வீட்டுக்கு மூட்டை போடுகிற கடையின் பாய், அம்மாவைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

“வாங்க டீச்சரம்மா! பங்குனியிலதான அம்புட்டும் போட்டாச்சு?”

“கால் கிலோ மல்லி வேணும் பாய். நூறு கிராம் வத்தல். சீரகம், மிளகு கொஞ்சம் கொஞ்சம்.”

“கால் கிலோவா? மூட்டையா வாங்குற குடும்பம்மா!”

அம்மா முன்னால் இருந்த சாக்கில் ஒரு மல்லியை எடுத்துப் பல்லில் வைத்துக் கடித்தாள். தலையை ஆட்டினாள். மிளகு நாலைக் குடிக்க வைத்திருந்த தண்ணீர் தம்ளரில் போட்டாள். உள்ளீடில்லாத ரெண்டு மிதந்தன. பாய் தம்ளரைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார்.

“டீச்சரம்மா, நீங்க சாமான் வாங்க வந்தீங்களா, பரீட்ச வைக்க வந்தீங்களா?”

“உள்ள ஒரு சாக்கு இருக்கே, அது யாருக்கு?”

“அது ஓட்டலுக்கும்மா.”

“ஓட்டலுக்கு நல்லது, வீட்டுக்கு இது. உங்க கடையிலயும் ரெண்டு டப்பாவா பாய்?”

அவருக்கு அது புரிந்திருக்காது. ஆனாலும் வாய்விட்டுச் சிரித்து, “யா அல்லா, இந்தம்மாகிட்ட படிக்கிற பிள்ளைக பாவம்” என்று சொல்லிக்கொண்டே உள்சாக்கைப் பிரித்தார். அந்த மல்லி பச்சையும் மஞ்சளுமாக இருந்தது. கையில் எடுத்தாலே உள்ளங்கையில் எலுமிச்சைத் தோல் நசுங்கிய மாதிரி ஒரு குளிர்ச்சி.

மொட்டை மாடியில் மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பற்ற வைத்து அம்மா வறுத்தாள். அடுக்களைப் பக்கமே போகவில்லை. ஒவ்வொன்றாக, சின்னத் தீயில். மல்லி சடசடக்கும் முன்னால் இறக்கினாள். வத்தலுக்குச் சூடு மட்டும் காட்டினாள். ஆற வைத்து மிக்ஸியில் பொடித்து மறுபடியும் ஆற வைத்தாள். பத்து நாளைக்கு ஆகும் அளவு மட்டும். மற்றதெல்லாம் முழுசாகவே மூடியிறுகிய கண்ணாடி பாட்டில்களில் போய்த் தன் சேலை பீரோவுக்குள் உட்கார்ந்தது. ஸ்கூலுக்குக் கட்டுகிற சேலைகளுக்கு நடுவில் சீரகமும் மிளகும். நீங்கள்கூடக் கேட்டீர்கள், ‘என்னடி, உங்கம்மா பக்கத்துல வந்தா ரசம் மணக்குது’ என்று. அதுதான்.

அத்தை மாடிப்படியில் நின்று பார்த்தாள். “தனி அடுப்பு வச்சாச்சு. இனி தனி வீடுதான் பாக்கி.”

பிரச்சினை ருசியிலிருந்து குடும்பத்துக்கு ஏறிவிட்டது. கால் கிலோ மல்லி வாங்கினால் குடும்பம் பிரியும் என்று நம்பிய காலம் அது. அப்பா ரெண்டு பேரிடமும் பேசாமல் பேப்பர் படித்தார்.

மே மாதக் கடைசியில் பெரியப்பா வந்து சேர்ந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை, நாங்கள் பெண்கள் முதல் ஆராதனைக்குப் போய்த் திரும்பிவிட்டோம். ஆண்கள் ரெண்டாவது ஆராதனைக்குக் கிளம்பும்போது பெரியப்பா செருப்பை மாட்டிக்கொண்டே அம்மாவிடம் சொன்னார்: “இன்னைக்குக் கறிக்குழம்பு நீ வையித்தா. கடைசியா ஒருக்கா பாப்போம். அப்புறம் என்ன எழுதிக் குடுக்கணுமோ எழுதிக் குடுக்கலாம்.”

அவர்கள் போன பிறகு அத்தை அம்மியருகே உட்கார்ந்து இஞ்சி தோல் சீவினாள். குரலில் வெற்றி இருந்தது, கொஞ்சம் பரிதாபமும். “வையி. ஒன் மாடிப் பொடிய எடுத்துக்கிட்டு வா. வச்சுக் காட்டு.”

அம்மா அடுக்களை நடுவில் நின்றாள்.

“மாட்டேன் மதினி.”

“என்னது?”

“சமைச்சுக் காட்ட மாட்டேன். நான் பரீட்ச வைக்கிறவ. எழுதுறவ இல்ல.” பலகையிலிருந்து அலுமினிய டிரம்மை இறக்கி அத்தை முன்னால் வைத்தாள். “நீங்க வைங்க. உங்க கையால. ஆனா இந்த டப்பாவுல.”

அத்தை டிரம்மைப் பார்த்தாள். மறுப்பாள் என்றுதான் நினைத்தேன். மறுக்கவில்லை. தன் கையை அவள் நிஜமாகவே நம்பினாள். அதில் கள்ளம் இல்லை. “என் கைக்கு எந்தப் பொடியா இருந்தா என்னத்தா?” என்று எழுந்து முந்தானையைச் செருகினாள்.

அத்தை ருசி பார்க்காமல் சமைக்கிறவள். ஆவியை மோந்தே உப்பு சொல்வாள். அன்று கறி கொதிக்கும்போது குனிந்து மோந்தாள். நெற்றி சுருங்கியது. இன்னொரு கரண்டி பொடி போட்டாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி குனிந்தாள். தேங்காய் கூட்டினாள். பட்டையும் சோம்பும் தாளித்துக் கொட்டினாள். குழம்பு கெட்டியானது, கறுத்தது, எண்ணெய் பிரிந்தது. பார்க்க அருமையாக இருந்தது. அத்தையின் கை இடுப்புச் சாவிக்கு ஒரு தரம் போயிற்று. தொட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டது. அந்தக் கை திரும்பி வந்த விதத்தை நான் மறக்கவே மாட்டேன்.

ஆண்கள் வந்தார்கள். அப்பா ஜெபம் செய்தார். அத்தை கறியை எல்லார் தட்டிலும் வைத்தாள். பெரியப்பா பிசைந்து ஒரு வாய் வைத்தார். மென்றார். தட்டைப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார்.

“பாத்தியாத்தா? கறி நல்ல கறி, பாவம். குழம்புல உயிரே இல்ல. நான் சொன்னா மூஞ்சியத் தூக்குவ. வேலைக்குப் போற கையில இதான் வரும்.” அப்பா பக்கம் திரும்பினார். “என்னடா தம்பி, நான் சொல்றது சரிதான?”

அப்பா தட்டிலிருந்து தலையெடுக்கவில்லை. எனக்கு வாய் வரை வந்துவிட்டது. அம்மா என் தட்டின் ஓரத்தில் ஒரு விரலை வைத்தாள். அசையாமல் வைத்தாள். அவள் வேலை, அவள் ஹேண்ட்பேக், ஸ்டாஃப் ரூமில் அவள் நாற்காலி எல்லாம் அந்த ஒரு நொடியின் மேல் நின்றன. அதைப் பிடித்து நிறுத்த அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. யார் சொல்ல வேண்டுமோ அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அத்தை கரண்டியைக் குழம்புச் சட்டிக்குள் விட்டாள்.

“அண்ணே, வச்சது நானு.”

பெரியப்பாவின் தாடை நின்றது. “நீயா?” இன்னொரு வாய் எடுத்து வைத்தார். தலையை ஆட்டினார். “அதான பாத்தேன்! மொதல்ல தெரியல. பின்னாலதான் மணம் ஏறுது. ஒன் கைமணம் எங்க போகும்? கொஞ்சம் ஊத்து தாயி.”

அம்மா சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை அந்த வீடு அதற்கு முன் கேட்டதில்லை. வாயைப் பொத்தாமல், தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அப்பாவும் கொஞ்சம் சிரிக்கப் பார்த்து நிறுத்திக்கொண்டார், ஏனென்றால் அத்தை சிரிக்கவில்லை.

“எங்கண்ணே மணக்குது?” என்றாள் அத்தை.

“நல்லாருக்குன்னுதான சொல்றேன்.”

“இப்பத்தான உயிரில்லன்ன? எம்பேரக் கேட்டதும் உயிர் வந்திருச்சோ?” அவள் குரல் மெல்ல ஏறியது. “அப்ப இத்தன வருசமும் இப்பிடித்தான் சொன்னியா? நான் வச்சதச் சாப்பிட்டுச் சொன்னியா, வச்சது நான்னு சொன்னியா?”

பெரியப்பா தட்டிலிருந்த சோற்றை ஓரத்துக்கு ஒதுக்கினார். அத்தைக்கு அந்த வீட்டில் சம்பளம் இல்லை, பிள்ளை இல்லை, தன் பேரில் ஒரு நாற்காலிகூட இல்லை. இருந்தது அந்த ஒரு சொல். அதைத்தான் அவள் இடுப்புச் சாவியில் கோத்துப் பூட்டி வைத்திருந்தாள். அன்று அதைத் திறந்து பார்த்தால் உள்ளே தூசி. அம்மா சிரிப்பதை நிறுத்திவிட்டாள்.

அத்தை அடுக்களைக்குள் போனாள். டிரம்மை இடுப்பில் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாக இறங்கி, முருங்கை அடியில் கவிழ்த்தாள். காற்றில் ஒரு மங்கல் நிறப் புகை எழுந்தது. அவ்வளவு பொடிக்கும் ஒரு தும்மல்கூட யாருக்கும் வரவில்லை.

சாயங்காலம் பெரியப்பா தொண்டையைச் செருமினார். “அந்த எழுதிக் குடுக்கிற விஷயம்…”

“என்னன்னு எழுதணும், அத்தான்?” என்றாள் அம்மா. “குழம்புல உயிரில்லாததால ராஜினாமா செய்யறேன்னா? பள்ளிக்கூடத்துல ஹெச்.எம். சிரிப்பாங்க.”

அப்பா பேப்பரை மடித்தார். “விடுங்கண்ணே” என்றார்.

ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்ல அவருக்கு அத்தனை வருடம் பிடித்தது. நல்ல மனிதர்தான்; இப்போது உயிரோடும் இல்லை. ஆனாலும் அந்த வார்த்தை தாமதமாக வந்தது என்பதை நான் அவருக்குத் தள்ளுபடி செய்யவில்லை. நல்லவர்களின் தாமதத்தில்தான் பெண்களின் வேலைகள் எல்லாம் போயிருக்கின்றன.

ஜூன் மாதம் அம்மா பஸ் ஏறினாள். அந்த வருடமும் அதற்கு அடுத்த வருடமும், ஓய்வு பெறும் நாள் வரைக்கும்.

அத்தையும் அம்மாவும் கட்டிப்பிடித்துச் சமாதானம் ஆனதாக நினைத்துவிடாதீர்கள். பங்குனி மூட்டை நின்றுபோனது. பழசு தீர்ந்தால்தான் புதுசு என்ற சட்டமும் அதோடு போயிற்று. மாதத்துக்கு ஒரு தரம் அத்தையே சின்னத் தூக்கோடு மில்லுக்குப் போனாள். கால் வலி என்று அதற்கப்புறம் அதிகம் சொன்னதில்லை. கீழமாசி வீதிக்குப் போகும் நாளில் அம்மாவோடு அவளும் மல்லியைக் கடித்துப் பார்த்தாள்; பாய் ரெண்டு பேரையும் கண்டால் தண்ணீர் தம்ளரை ஒளித்து வைத்தார். ஆனால் வாய் மட்டும் மாறவில்லை. சாகும் வரை சொன்னாள்: “இவளுக்குக் கைமணமெல்லாம் கெடையாது. வெறும் பொடிமணம்.”

“ஆமா மதினி,” என்பாள் அம்மா, “எனக்கு அது போதும்.”

விருந்து டப்பா காலியாக ரொம்ப நாள் கிடந்தது. அத்தை அதில் பொத்தான்களும் ஊசி நூலும் போட்டு வைத்தாள். வீட்டை விற்றபோது பழைய சாமான்காரர் எடை போட்டு எடுத்துப் போய்விட்டார். ஏரி துருப்பிடித்து, அன்னத்தில் ஒன்றுக்குக் கழுத்து இல்லாமல் போயிருந்தது. அதைப் பற்றி எனக்கு ஏக்கம் எதுவும் கிடையாது. போகட்டும்.

ஏனென்றால், உங்கள் வீடுகளுக்கு நானும் வருகிறேன். கண்ணாடி அலமாரியில் நல்ல தட்டுகள். நீங்கள் சாப்பிடுவது விளிம்பு உடைந்ததில். மகள் வெளிநாட்டிலிருந்து கொண்டு வந்த குங்குமப்பூவும் ஏலக்காயும் மூடி திறக்காமல் வருடக்கணக்காக வெளிறிக் கிடக்கின்றன. யார் வரணும் என்று கேட்டால் ‘யாராவது வந்தா’ என்கிறீர்கள். முந்தி எடுத்தால் வீண் என்று நமக்குச் சொல்லித் தந்தவர்கள் யாரும் இப்போது இல்லை. ஆனாலும் நாம் அவர்களுக்குப் பயந்துகொண்டு, போன வருடத்தையே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

என் அடுக்களையில் ஒரே வகை பாட்டில்தான். சின்னது, இருட்டில், அடுப்பிலிருந்து தள்ளி. கரண்டி காய்ந்தது. மல்லியும் மிளகும் சீரகமும் முழுசாகத்தான் இருக்கும். வேண்டும்போது வேண்டிய அளவு வறுத்துக்கொள்கிறேன். இதில் மந்திரம் எதுவும் இல்லை. ஆண்டவர் தனியாக யார் கையிலும் எதையும் தடவி அனுப்பவில்லை.

இன்று செவ்வாய்க்கிழமை. வீட்டில் நான் மட்டும்தான். மழை வரப் போகிறதோ என்னவோ, ஜன்னல் கம்பியில் ஒரு குளிர்ச்சி. நாலு கத்தரிக்காய் நறுக்கி வைத்திருக்கிறேன். காலையில் வறுத்த மல்லி இப்போதுதான் ஆறியது. மிக்ஸியின் மூடியைத் திறந்தேன்.

தும்மல் வந்தது. ரெண்டு தரம். யாரும் வரவில்லை, உலை கொதிக்கிறது.